நூல்நிலையத்திற்கு வழி வகுத்த ரங்கநாதன்

கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் பக்கங்கள் விரிகின்ற இக்காலத்தில் நூல்நிலையம் எதற்கு என்று கேட்போர் நம் நாட்டில் பெருகி வருகின்றனர். கேட்போர் எழுத்தறியாதவரல்லர், கற்றோரே கேட்கின்றனர். இதற்கு விடை தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. சோழநாட்டுச் சீர்காழியினரான ஒரு பெரியாரின் வாழ்க்கையே தக்க விடையாகும். அவர்தாம் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன்.

1892-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயமுத்தூரிலும், பின்னர் சென்னை இராஜதானிக் கலாசாலையிலும் கணித ஆசிரியராக விளங்கினார். மாணவர் நடுவே நின்று போதிப்பதிலேயே அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலை அவரைத் தன் முதல் நூல்நிலையத் தலைவராக நியமித்தது. அங்கே நூல்கள் இருந்தன, கேட்பார் அரியர். அத்தனிமை அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் கழிவதற்குள் கலாசாலைக்கே திரும்ப அனுமதிக்குமாறு வேண்டினார். அதிகாரிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: இங்கிலாந்து சென்று இத்தொழிலைக் கற்று வருவது, அதன் பின்னும் மனம் ஒன்றாவிடில் பழைய உத்தியோகத்தையே ஏற்பது.

லண்டனிலே பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் ரங்கநாதன் கற்றார். நூறுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களை நேரிற் சென்று கண்டார். தொழிலாளரும், பெண்டிரும், சிறுவரும் அங்கே தடையின்றிப் புகுந்து நூல் எடுத்துச் செல்வதைப் பார்த்தார். நம் நாட்டிலோ நூல் என்பது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் காக்கும் பொருளாயிருந்தது. ஒரு தேசத்தின் உயர்வு தாழ்வுக்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணமென்பது அவர் நெஞ்சில் ஊன்றியது. போனவர் கணித ஆசிரியர். 1925-இல் திரும்பியவரோ நூல்நிலையத் தொண்டர். அதன் பின் பழைய உத்தியோகத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுமுறையென்பதே இன்றி உழைத்தார். படிப்போர் தாமே அலமாரியண்டை சென்று நூலைத் தேர்ந்து கொள்ள வழி செய்தார். வேண்டியதைத் தேடித் தருவதற்கென்றே பயின்ற பணியாளரை அமர்த்தினார். 1928-இல் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றியதற்கும், அடுத்த ஆண்டு நூலகர் பயிற்சி தொடங்கியதற்கும் அவரே முதற் காரணர்.

அவர் கணித மூளை ஒரு புதுமையையும் கண்டது. அமெரிக்கரான டியூயி 1876-இல் வகுத்த முறை, முன்னரே கட்டிய அறைகளில் நூல்களை அடைப்பது போன்றது. ஒரு நூல் இரண்டு மூன்று பொருள்களைத் தழுவுமாயின் அதற்கு அறை கிடைப்பது அரிது. லண்டன் கடையொன்றில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் வேண்டியவாறு பூட்டிப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுக் கருவியை ரங்கநாதன் கண்டார். அறிவையும் அவ்வாறே உறுப்பு உறுப்பாகப் பிரித்து, வேண்டியபடி இணைக்கலாமே என்ற எண்ணம் உதித்தது. நெற்பயிர், அதற்குண்டாகும் நோய், அதைத் தடுக்கும் முறை, இடம், காலம் எனத் தனித்தனியே குறியிட்டுச் சேர்த்தால் எந்தப் பொருளுக்கும் இடமுண்டு. 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை இதுவே. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று பிரித்துப் பிரித்துத் தேடுகிறோமே, அதன் அடிப்படையும் இத்தத்துவமே. இணையத்தைக் காட்டி நூல்நிலையம் வேண்டாமென்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

1931-இல் அவர் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலின் பயன் காப்பதில் இல்லை, கற்பதில் உண்டு என்பது அவற்றின் அடிப்படை. வறியவனாயினும் சிறியவனாயினும் வேண்டும் நூலைப் பெற உரிமையுடையவன். எந்த நூலும் தனக்குரியவரைச் சென்றடைய வேண்டும். தேடுவோர் பொழுதை வீணாக்கலாகாது. நூல்நிலையம் உயிரைப் போல் வளர்ந்து கொண்டேயிருக்க வேண்டும் என்பன ஏனையவற்றின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. ஏட்டில் எழுதிய விதி வண்டியேறிக் குடியானவன் வாயிலுக்குப் போயிற்று.

எனினும், தனிமனிதர் தர்மத்தை நம்பி இக்காரியம் நிலைக்காதென்பதை அவர் அறிந்தார். பொதுஜன நூல்நிலையத்திற்குச் சட்டமும் வரியும் வேண்டுமென்று 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி மசோதாவைச் சமர்ப்பித்தார். அந்நிய ஆட்சியில் அது கனியவில்லை. பதினெட்டு ஆண்டுகள் சென்றபின், ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் இத்துறைக்கு இதுவே முதற் சட்டம். சொத்து வரியுடன் நூலக வரியும் அதனால் ஏற்பட்டது. காசியிலும் டில்லியிலும் பணிபுரிந்த ரங்கநாதன், 1956-இல் தம் சேமிப்பில் லட்ச ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு வழங்கி, நூலக இயலுக்குத் தம் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பீடம் நிறுவினார். 1962-இல் பெங்களூரில் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் கண்டார்; அந்நகரிலேயே 1972-இல் காலமானார்.

ரங்கநாதன் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? நூல்நிலையம் நூல்களின் கிடங்கன்று. அறிவையும் அதை நாடுவோரையும் ஒன்றுசேர்க்கும் தொண்டு. இணையத்திலே செய்தி வெள்ளம் போல் வருகிறது. வெள்ளம் பெருகினாலும் குடிநீர் வேண்டியே நிற்கிறோம். மெய்யும் பொய்யும் விரவி வருகையில் பிரித்துக் காட்டும் பயின்ற நூலகரின் தேவை பெருகுகிறதேயன்றிக் குறையவில்லை. கணினியும் இணைப்பும் விலை கொடுத்து வாங்கவியலாத ஏழை மாணவனுக்கு அவற்றை அளிப்பதும் இன்று நூல்நிலையத்தின் கடமையே. அன்று வண்டியேற்றியவர் இன்றிருந்தால் இணையத்தை வெறுத்தொதுக்கியிருப்பாரா? அதையும் ஒரு வண்டியாகவே பூட்டியிருப்பார்.

சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் பெரும் நூலகங்கள் எழுந்தது நமக்குப் பெருமையே. ஆனால் இச்சட்டத்தின் உயிர்நிலை கிராமத்துக் கிளை நூலகம். அது மாலையில் திறந்திருக்கிறதா, பயின்ற நூலகர் இருக்கிறாரா, புது நூல் வருகிறதா, மக்கள் செலுத்தும் நூலக வரி முழுமையும் அதற்கே சென்று சேர்கிறதா என்று ஊர்தோறும் தேசத் தொண்டர்கள் விசாரிக்க வேண்டும். வரி கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்பார் இன்றேல் அவ்வலமாரிகள் மறுபடியும் பூட்டப்படும். அதற்கு இடங்கொடாதிருப்பதே ரங்கநாதனுக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.