ஜோஸபைன் பட்லர் அம்மையார்

ஒழுக்கம் ஸ்திரீகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டதா, புருஷர்களுக்கும் உரியதா என்னும் கேள்வி எல்லாத் தேசங்களிலும் எழுந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், கிறிஸ்தவ வேதத்தையே ஆதாரமாகக் கொண்டு இக்கேள்வியை எழுப்பி, ராஜாங்கத்தைப் பணிய வைத்தவர் ஜோஸபைன் பட்லர் அம்மையார்.

அம்மையார் 1828-ஆம் வருஷத்தில் நார்தம்பர்லாந்தில் பிறந்தார். தந்தை ஜான் கிரே, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். 1852-இல், பின்னர்ப் பாதிரியாரான ஜார்ஜ் பட்லரை மணந்தார். 1864-இல் அவர்களுடைய ஒரே மகள் ஈவா, மாடியிலிருந்து தவறி விழுந்து மாண்டாள். இரண்டாண்டு கழித்து லிவர்பூலில் குடியேறிய அம்மையார், தம்மினும் துயருற்றோரைத் தேடிச் சென்றார். ஏழை விடுதியில் பழங்கயிறு பிரிக்கும் பெண்களுடன் தரையில் அமர்ந்து தாமும் கயிறு பிரித்தார். நோயுற்ற விலைமகளிரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார்.

விவாகத்திற்குப் புறம்பான சேர்க்கை இருபாலார்க்கும் பாவம் என்பதே கிறிஸ்தவ போதனை. ஆனால் சமூகமோ ஆணின் பிழையை மன்னித்துப் பெண்ணைத் தெருவில் தள்ளியது. 1857-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டமும் அவ்வாறே. மனைவியின் சோரம் ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கணவனுடைய சோரம் மட்டும் போதாது, கொடுமை முதலிய வேறு குற்றமும் காட்ட வேண்டும்.

இவ்வநீதியின் சிகரம், 1864, 1866, 1869-ஆம் வருஷங்களில் நிறைவேறிய தொத்து நோய்ச் சட்டங்கள். பட்டாளத்தாரை மேகநோயினின்று காப்பதே நோக்கமாம். படை தங்கும் ஊர்களில் போலீஸார் எந்தப் பெண்மீதும் சந்தேகங்கொண்டு அவளைப் பலவந்தப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். நோய் கண்டால் ஒன்பது மாதம் வரை ஆஸ்பத்திரியில் அடைக்கலாம், மறுத்தால் சிறை. ஆடவருக்கோ பரிசோதனையே இல்லை!

1869-இல் அம்மையார் மாதர் தேசிய சங்கத்தின் தலைமையை ஏற்றார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்ட மாதர் கையொப்பமிட்ட கண்டன அறிக்கை வெளிவந்தது. கௌரவமான ஸ்திரீ இவ்விஷயத்தை மேடையிற் பேசுவதா என்று பலர் முகஞ்சுளித்தனர். 1870-இல் கோல்செஸ்டர் உபதேர்தலில் காலிக் கும்பல் அவரைத் துரத்தியது. 1872-இல் பாண்டிபிராக்டில் அவர் பேசிய வைக்கோற் பரணுக்குக் கீழே தீ மூட்டினர். அவர் அஞ்சவில்லை, பாதிரிக் கணவரும் தம் உத்தியோக உயர்வுக்கு ஊறு நேருமென அறிந்தும் துணைநின்றார். பதினாறு வருஷப் போராட்டத்தின் பின், 1886-இல் சட்டங்கள் ரத்தாயின.

இந்தியாவிலும் இத்தகைய சட்டம் 1868-இல் புகுத்தப்பட்டிருந்தது. அது 1888-இல் ரத்தான பின்னும் கண்டோன்மெண்டுகளில் பழைய வழக்கம் ஒழியவில்லை. அம்மையாரின் தூண்டுதலால் இரு அமெரிக்க மாதர் இங்கு வந்து, நேரிற்கண்டு அம்பலப்படுத்தினர். முன்பு மறுத்த சேனாதிபதி ராபர்ட்ஸ் பிரபு, 1893-இல் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

அம்மையார் குறையற்றவரல்லர். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை அவர் வெறுத்தவரல்லர். போயர் யுத்தத்தில் தம் நாட்டின் பக்கமே நின்றார். எனினும் 1906-இல் காலமாகும் வரை தம் கொள்கையைக் கைவிட்டாரில்லை. பெண்ணை அடக்கப் பயன்பட்ட அதே மதத்தைக் கொண்டே ஆணையும் ராஜாங்கத்தையும் நீதிக்கு முன் நிறுத்தினார். ஒழுக்கத்தின் பெயரால் ஒருபாலாரை மட்டும் தண்டிக்கும் சமூகம், எந்த மதத்தைச் சார்ந்ததாயினும், அவர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டும்.