சீட்டின்றிப் புறப்பட்ட மாணவர்

வெளிநாடு சென்று பயில விழையும் மாணவர் இக்காலத்தில் முதற்கண் தேடவேண்டுவது நூல் அன்று; காகிதமே. கடவுச்சீட்டு, நுழைவிசைவு, ஆசிரியர்தம் நற்சான்று, செலவிற்குப் பணமுண்டு எனக் காட்டும் வங்கிக் கணக்கு, தேர்வின் மதிப்பெண் என இவற்றை ஒவ்வொன்றாகத் திரட்டுவதற்குள் ஓராண்டு கழிந்துவிடுகின்றது. இத்தொல்லை நம் காலத்தில் தோன்றியது என்று கருதுவார் பலர். சீன நாட்டினின்று நம் நாடு போந்த யுவான் சுவாங் என்னும் துறவியாரின் வரலாற்றை உற்று நோக்குவார்க்கு அக்கருத்து மாறும். பள்ளிப் பாடநூல்கள் அவரை யாத்திரிகர் என்றே நமக்கு அறிமுகஞ் செய்தன. ஆயின் அவர் ஊர் காண வந்தவர் அல்லர். பாடங் கேட்க வந்தவர்.

கி. பி. 602-ஆம் ஆண்டளவில், லோயாங் நகர்க்கு அணித்தாக, கற்றோர் குடியொன்றில் நான்கு ஆண்மக்களுள் இளையவராய் அவர் பிறந்தார். தமையனார் ஒருவர் முன்னரே பௌத்தத் துறவியாதலின் இளையவரும் அவ்வழியே சென்றார். 622-இல் செங்டு நகரில் முழுத்துறவு பெற்றபின் சாங்கான் தலைநகரம் எய்தி, ஆசிரியர் பலரிடமும் கேட்டார். ஒருவர் உரைத்த பொருளை மற்றொருவர் மறுத்தனர். மொழிபெயர்ப்புக்களோ ஒன்றோடொன்று மாறுபட்டன. மூலநூல்களைக் கண்டன்றி, சிறப்பாக யோகாசாரபூமி என்னும் பெருநூலை முழுவதும் கற்றன்றி, இவ்வையம் நீங்காது என்று துணிந்து, இந்தியா செல்ல உறுதிகொண்டார்.

இங்கேதான் இடையூறு தொடங்கிற்று. தாங் மரபின் தைசுங் பேரரசர் 626-இல் அரியணை ஏறியிருந்தார். எல்லைகள் அமைதியுறாமையின் குடிகள் மேற்கே செல்லலாகாது என ஆணை நிலவிற்று. தோழர் சிலருடன் யுவான் சுவாங் அரசர்க்கு விண்ணப்பம் விடுத்தார்; மறுக்கப்பட்டது. தோழர் அனைவரும் பின்வாங்கினர். இவர் மட்டும் தனித்திருந்து வேற்றுமொழிகளைக் கற்றார். பசியும் வழிநடையும் தாங்க உடலைப் பழக்கினார். 629-இல் எவ்விசைவுமின்றி மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார். அரசாணையை மீறுதல் துறவிக்குத் தகுமோ எனின், தகும் என்று எளிதில் கூறிவிட இயலாது. அவரே பிற்காலத்தில் அதனைக் குற்றம் என்று அரசர் முன் ஒப்புக்கொண்டார்.

லியாங்சௌ என்னும் எல்லை நகரில் ஆளுநர் இவரைத் திரும்பிச் செல்லுமாறு கட்டளையிட்டார். ஆங்கிருந்த முதிய துறவி ஒருவர் தம் மாணாக்கர் இருவரைத் துணையாக்கி மறைவில் அனுப்ப, பகலிற் பதுங்கியும் இரவில் நடந்தும் குவாசௌ அடைந்தனர். அதன் அப்பால் யூமென் வாயிலும், அதற்கும் அப்பால் நூறு லீ தொலைவிற்கு ஒன்றாக ஐந்து காவற்கோபுரங்களும் உள என்றறிந்து, செய்வதறியாது ஒரு திங்கள் அங்கே தங்கினார். லீ என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். அதற்குள் இவரைப் பிடிக்குமாறு எழுதிய ஆணை வந்து சேர்ந்தது. லி சாங் என்னும் அதிகாரி அதனை எடுத்து வந்து, இதிற் குறித்தவர் தாங்கள்தாமோ என வினவினார். யுவான் சுவாங் சற்றே தயங்கி, பின் உண்மையை உரைத்தார். அவ்வதிகாரி அவர்தம் கண்முன்னரே அவ்வாணையைக் கிழித்தெறிந்து, விரைந்து போமாறு கூறினார். அரசு அலுவலகங்களில் காகிதம் கிழிபடுதல் பெரும்பாலும் மாணவர்க்குத் துன்பமே தரும். இவர்க்கோ அது வழியாயிற்று.

முதற் கோபுரத்தில் அம்புகள் அவரை நோக்கிப் பாய்ந்தன. காவற்றலைவன் அவர் கருத்தினை அறிந்து இரங்கி, உணவும் நீரும் அளித்து, நான்காங் கோபுரத்திலிருந்த தன் உறவினனிடம் செல்லுமாறு வழி காட்டினான். பின்னர்ப் பாலைநிலம். நீர்ப்பை கைதவறி வீழ்ந்து முற்றும் கொட்டிற்று. பத்து லீ திரும்பி நடந்தவர், கிழக்கே சென்று வாழ்தலினும் மேற்கே சென்று மாள்தலே நன்றென மீண்டும் திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் துளிநீரின்றிக் கழிந்தன. குதிரையே ஒரு நீர்நிலையைக் கண்டு அவரை அங்கே கொண்டு சென்றது.

காவோசாங் என்னும் நாட்டின் மன்னர் இவர்பால் கொண்ட அன்பினால் இவரைப் போகவொட்டாது தடுத்தார். யுவான் சுவாங் மூன்று நாள் உண்ணாதிருந்தார். மன்னர் மனமிளகி விடைகொடுத்தார். ஆயின் மீளும்போது மூன்றாண்டு தம் நாட்டில் தங்கவேண்டும் என வாக்குப் பெற்றுக்கொண்டார். இருபதாண்டுச் செலவிற்கெனப் பொன்னும், 30,000 வெள்ளிக்காசும், 500 சுருள் பட்டும், 30 குதிரையும் வழங்கினார். இவையனைத்தினும் மேலாக, வழியிலுள்ள 24 நாட்டரசர்க்கும் 24 திருமுகங்கள் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒரு சுருள் பட்டினை இணைத்தார். துருக்கரின் பேரரசராகிய ககானுக்கோ தனித்திருமுகமும் இரண்டு வண்டிக் கனிகளும் சென்றன. அவரும் தம் பங்கிற்குச் சீனமொழி வல்ல இளைஞன் ஒருவனைத் துணைகூட்டி, அப்பாலுள்ள நாடுகட்குத் திருமுகங்கள் தந்தார். தாய்நாடு மறுத்த சீட்டினை வேற்றுநாடுகள் இங்ஙனம் வழங்கின.

நாலந்தாவில் நுழைதலும் எளிதன்று. வாயில் காப்போர் வினவும் அரிய வினாக்களுக்கு விடையிறுக்கமாட்டாது பதின்மருள் எழுவரோ எண்மரோ திரும்பிச் செல்வர் என அவரே குறித்துள்ளார். இவர்க்கு அங்கே நாடோறும் இருபது பாக்கும், இருபது சாதிக்காயும், கருப்பூரமும், உயர்ந்த அரிசியும் அளக்கப்பட்டன. நம் விடுதி மாணவர் இதனைப் படித்துப் பெருமூச்செறிவர் போலும்! முதுபேராசிரியர் சீலபத்திரர் யோகாசாரபூமியைப் பதினைந்து திங்கள் பாடஞ் சொன்னார். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர், நம் காஞ்சிமாநகரிற் பிறந்தவர். 640-ஆம் ஆண்டளவில் யுவான் சுவாங் அக்காஞ்சிக்கே வந்தார். ஈழஞ் சென்று பயிலும் அவா அவர்க்கிருந்தது. ஆயின் அங்கிருந்து வந்த துறவியர், தம் மன்னர் இறந்தமையும் நாட்டிற் பஞ்சம் பரவினமையும் கூறவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

மீளுங்கால் ஹர்ஷ மன்னர் அவர்க்கு யானையும் பொருளும் ஈந்து, வெண்துணியில் எழுதிச் செந்நிற முத்திரையிட்ட ஓலைகளுடன் அலுவலர் நால்வரை உடன்போக்கினார். சிந்துநதியைக் கடக்கையில் ஓடம் அலைப்புண்டு ஐம்பது சுவடிகள் நீரிற் போயின. காவோசாங் மன்னர்க்குக் கொடுத்த வாக்கோ நிறைவேறவில்லை. 640-இல் தாங் படை அந்நாட்டினைக் கொண்டது, மன்னரும் இறந்துவிட்டார். அச்செய்தியை வழியிற் கேட்டு, தென்வழியாகக் கோத்தான் நகர்க்குத் திரும்பினார்.

அங்கிருந்து தம் பேரரசர்க்கு, விடையின்றிச் சென்ற பிழையை விளக்கி ஒரு விண்ணப்பம் எழுதினார். அதனைக் கொண்டு சென்றவன் காவோசாங் நாட்டு இளைஞன் ஒருவன் என்பது எம் நெஞ்சை உருக்குகின்றது. ஏழெட்டுத் திங்கள் கழிந்தபின் வந்த மறுமொழி, விரைந்து வருக என்றது. 645-இல் 657 நூல்களை 20 குதிரைகளில் ஏற்றிச் சாங்கான் புகுந்தார். ஏன் அறிவியாது சென்றீர் என அரசர் வினவ, பன்முறை விண்ணப்பித்தும் சிறியேனுக்கு இசைவு கிட்டவில்லை என்றார். அரசர் அதனைக் குற்றமாகக் கொள்ளாது, கண்ட நாடுகளைப் பற்றி எழுதப் பணித்தார். 646-இல் அந்நூல் முற்றுப்பெற்றது. 664-இல் மறையும் வரை 75 நூல்களை மொழிபெயர்த்தார். எந்நூலை நாடிச் சென்றாரோ அந்நூல் 648-இல் சீனமொழியில் முற்றிலும் வெளிவந்தது.

654-இல் இந்தியாவிலிருந்து வந்திருந்த மடலுக்கு அவர் மறுமொழி விடுத்தார். சீலபத்திரர் மறைந்தமை கேட்டு ஆற்றாது வருந்தினார். மொழிபெயர்த்து முடித்த நூல்கள் இவை எனத் தெரிவித்தார். சிந்துநதியில் இழந்த சுவடிகளின் பெயர்களை வரிசைப்படுத்தி, வருவார் உளராயின் அவற்றை அனுப்பியருளவேண்டும் எனக் கேட்டு, அப்பட்டியலை மடலோடு சேர்த்து அனுப்பினார்.