கைப்பிடிக்கு விடை கொடுத்தவர்

கார் எஞ்சினை உயிர்ப்பிக்க ஒரு காலத்தில் மனிதன் தன் கையையே பணயம் வைத்தான். அந்த ஆபத்தை நீக்கியவர், கண் பார்வை மங்கிய ஒரு விவசாயியின் மகன். அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். அவர் உலகத்துக்குச் செய்த நன்மைகள் பல. அவரால் தீமையும் விளைந்தது. அவரது வாழ்க்கைக் கதை இது.

திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பழைய டிரைவர்களுக்கு ஒரு சொல் நன்றாகத் தெரியும். "செல்ப்" என்பதே அந்தச் சொல். வண்டி கிளம்பாவிட்டால், செல்ப் எடுக்கவில்லை என்பார்கள். உடனே நாலு பேர் கூடி வண்டியைத் தள்ளுவார்கள்.

செல்ப் என்பது ஒரு சிறிய மின்சார மோட்டார். சாவியைத் திருகினால் அது சுழலும். அது சுழன்றால் எஞ்சின் சுழலும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் செல்ப் ஒதுங்கிவிடும். இரண்டு மூன்று விநாடி வேலைதான்!

அந்த விநாடிகளுக்காக எத்தனை பேர் கையை ஒடித்துக்கொண்டார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

கையை ஒடித்த கைப்பிடி

அந்தக் காலத்துக் காரின் முன்பக்கத்தில் ஒரு துவாரம் இருக்கும். வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை அதில் நுழைக்க வேண்டும். காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, பலமாகச் சுற்ற வேண்டும்.

எஞ்சின் சரியான நேரத்தில் பற்றினால் பிழைத்தோம். கொஞ்சம் முன்னதாகப் பற்றிவிட்டால் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும். சில சமயம் தாடை பெயரும்.

அதனால் டிரைவர்கள் கட்டை விரலை மடக்காமல், மற்ற நாலு விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் கைப்பிடியைப் பிடிப்பார்கள். அடித்தாலும் விரல் தப்பும் என்பதே காரணம். லாரிகளில் இந்த வேலை கிளீனர் பையன் தலையில் விழும்.

புல்லட் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு இந்த அடி எப்படிப்பட்டது என்று தெரியும். 1950-களில் திருவொற்றியூரில் உற்பத்தியான அந்த வண்டியின் உதைகோல் சில சமயம் காலைத் திருப்பி உதைக்கும். காரின் கைப்பிடியோ அதைவிடப் பொல்லாதது.

பெண்களும் முதியவர்களும் தனியாகக் கார் ஓட்ட அஞ்சினார்கள். நடு வழியில் எஞ்சின் நின்றுவிட்டால் யார் கைப்பிடி சுற்றுவது?

நண்பரின் மரணம்

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் இருந்தார். டெட்ராய்ட் நகரில் ஒரு பெண்ணின் கார் வழியில் நின்றுவிட்டது. அவர் உதவிக்குப் போனார். கைப்பிடி எகிறி அவர் தாடையில் அடித்தது. அந்தக் காயத்தைத் தொடர்ந்து வந்த நோயில் அவர் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. 1908-ம் ஆண்டு அவர் காலமானார்.

காடிலாக் கார்க் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் அவருடைய நண்பர். நண்பரின் மரணம் அவரை உலுக்கியது. தன் கம்பெனிக் காரால் இனி ஒருவரும் அடிபடக்கூடாது என்று உறுதி பூண்டார். அந்த வேலை கெட்டரிங்கிடம் வந்து சேர்ந்தது.

மங்கிய கண்கள்

சார்லஸ் கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் பிறந்தார். லவுடன்வில் என்ற சிற்றூரின் அருகே அவர் தந்தைக்குப் பண்ணை இருந்தது. ஐந்து குழந்தைகளில் அவர் நாலாவது.

சிறு வயதிலேயே கண் பார்வை மோசம். புத்தகத்தைக் கொஞ்ச நேரம் படித்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆனால் படிப்பில் ஆசை தீராது.

முதலில் கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் வலி தாங்காமல் படிப்பை நடுவில் நிறுத்த நேர்ந்தது.

அவர் சோர்ந்து மூலையில் உட்காரவில்லை. டெலிபோன் கம்பெனியில் சேர்ந்து கம்பம் நடக் குழி தோண்டினார். விரைவில் அந்தத் தொழிலாளர்களுக்கு மேஸ்திரி ஆனார். அந்த நாட்களில்தான் ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1905-ம் ஆண்டு அவரையே மணந்தார்.

கண் கொஞ்சம் தேறியதும் மீண்டும் கல்லூரிக்குப் போனார். நண்பர்கள் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். இவர் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வார். 1904-ம் ஆண்டு மின்சார எஞ்சினீயர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

கல்லாப் பெட்டி கற்பித்த பாடம்

டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லாப் பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே கெட்டரிங்குக்கு வேலை கிடைத்தது. அதுவரை கல்லாப் பெட்டியைக் கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். அதற்குச் சிறு மின்சார மோட்டாரைப் பொருத்திக் காட்டினார் கெட்டரிங்.

இதில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். கல்லாப் பெட்டியின் மோட்டார் நாள் முழுவதும் ஓடத் தேவையில்லை. ஒரு விநாடி ஓடினால் போதும். அந்த ஒரு விநாடிக்கு அதன் சக்திக்கு மீறிய வேலையைக் கொடுத்தாலும் அது தாங்கும். சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்!

தேங்காய் மூட்டையைத் தலையில் வைத்துப் பத்து மைல் நடக்கச் சொன்னால் யாராலும் முடியாது. படகிலிருந்து கரைக்கு இறக்கச் சொன்னால் முடியும் அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

பரண் கொட்டகையில் பரிசோதனை

1909-ம் ஆண்டு கெட்டரிங் அந்த வேலையை விட்டார். எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பரின் வீட்டுப் பின்புறம் ஒரு கொட்டகை இருந்தது. அதையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினார்கள். அந்தக் கூட்டு முயற்சியே "டெல்கோ" என்ற கம்பெனியாக வளர்ந்தது.

காரை மின்சாரத்தால் கிளப்ப முடியாது என்று மின்சாரம் படித்தவர்களே சொன்னார்கள். அதற்கு வேண்டிய மோட்டாரும் பாட்டரியும் காரைவிடப் பெரிதாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்குக் கணக்குப் போட்டார்கள். கெட்டரிங் சில விநாடி ஓடும் மோட்டாருக்குக் கணக்குப் போட்டார்.

இன்னொரு யுக்தியும் செய்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை எஞ்சின் சுழற்றும். அப்போது அது டைனமோவாக மாறி மின்சாரம் கொடுக்கும். செலவான மின்சாரம் திரும்பவும் பாட்டரியில் ஏறிவிடும். கார் விளக்கும் அதிலேயே எரியும். வாயு விளக்கைப் பற்றவைக்கும் தொல்லையும் தீர்ந்தது.

1911-ம் ஆண்டு பிப்ரவரியில் லேலண்டிடம் இதை ஓட்டிக் காட்டினார்கள். 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் கைப்பிடி சுற்றத் தேவையில்லாமல் கிளம்பின!

டிரைவர்கள் என்ன நினைத்தார்கள்?

புதுமை வந்தால் சந்தேகமும் கூடவே வரும். பாட்டரி தீர்ந்தால் என்ன கதி என்று கேட்டார்கள். இவ்வளவு கனத்தைக் கார் சுமக்க வேண்டுமா என்றார்கள். கையில் பலம் உள்ள ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேலி செய்தவர்களும் உண்டு.

ஆனால் வாங்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் துணிந்து காரை எடுத்தார்கள். பத்தே ஆண்டுகளில் செல்ப் இல்லாத காரை விற்பது கடினமாயிற்று. ஆனாலும் சந்தேகம் முழுவதும் போகவில்லை. பல ஆண்டுகள் வரை கார்களில் ஒரு கைப்பிடியும் துணைக்கு இருந்தது. நம் நாட்டு அம்பாசிடர் காரிலும் அது இருந்தது!

எண்ணூரில் 1948-ம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டு வெளிவந்தன. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரிகளும் பஸ்களும் பெருகின. கெட்டரிங்கின் யோசனை அந்த வண்டிகளில் ஏறி வடசென்னைத் தெருக்களிலும் ஓடியது.

நன்மையோடு நஞ்சு

கெட்டரிங்கின் கம்பெனி பின்னர் ஜெனரல் மோட்டார்சோடு இணைந்தது. 1920 முதல் 1947 வரை அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவரே தலைவர். ரயிலை இழுக்கும் டீசல் எஞ்சினை இலேசாக்கிச் சீர்திருத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு தீங்கும் புறப்பட்டது.

எஞ்சினில் பெட்ரோல் தாறுமாறாக வெடித்தால் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும். அதை நிறுத்த மருந்து தேடினார்கள். 1921-ம் ஆண்டு அவருக்குக் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார். சத்தம் நின்றது. ஆனால் ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

1924-ல் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் சித்தம் கலங்கி மாண்டார்கள். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கெட்டரிங் அதை விற்ற கம்பெனியின் தலைவராக இருந்தார். அவர் அதை நிறுத்தவில்லை; ஆதரித்தே வாதாடினார்.

அந்த ஈயப் புகை உலகம் முழுவதும் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. அவர்கள் மூளையின் வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டுதான் ஈயப் பெட்ரோல் முழுவதும் ஒழிந்தது. உலகில் கடைசி பங்க்கிலும் அது நின்றது 2021-ல்! ஒரு விநாடியின் கணக்கைச் சரியாகப் போட்டவர், நூறு ஆண்டின் கணக்கைத் தவறவிட்டார்.

மனைவியைப் பறித்த நோய்

கெட்டரிங் பெரும் பணக்காரர் ஆனார். 1945-ம் ஆண்டு ஆல்பிரட் ஸ்லோன் என்பவருடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டே அவர் மனைவி ஆலிவ் அதே புற்றுநோய்க்குப் பலியானார். நாற்பது ஆண்டு கூட வாழ்ந்த துணைவியை அவரது செல்வத்தாலும் காக்க முடியவில்லை.

அவருடைய ஆராய்ச்சி நிலையம் இன்றும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. 1958-ம் ஆண்டு நவம்பர் மாதம், 82-வது வயதில் கெட்டரிங் காலமானார்.

தானே நிற்கும் எஞ்சின்

கெட்டரிங் எஞ்சினைக் கிளப்புவதை எளிதாக்கினார். இப்போது எஞ்சினைத் தானே நிறுத்தித் தானே கிளப்பும் கார்கள் வந்துவிட்டன. சிகப்பு விளக்கில் கார் நின்றால் எஞ்சினும் நிற்கும். கிளட்சை மிதித்தால், அல்லது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், மறுபடி ஓடும். இவற்றில் சில கார்களில் செல்ப்பும் டைனமோவும் ஒன்றே. நம் நாட்டில் 2015-ல் வந்த மாருதி சியாஸ் காரில் அப்படி இருந்தது. அன்று கெட்டரிங் கொட்டகையில் செய்த அதே யுக்திதான்!

டிரைவர்களின் பேச்சும் அன்று போலவே இருக்கிறது. பாட்டரி சீக்கிரம் போய்விடும் என்கிறார் ஒருவர். வெயிலில் ஏ.சி. காற்று சூடாகிறது என்கிறார் இன்னொருவர். ஊர்ந்து போகும் நெரிசலில் அடிக்கடி நின்று எரிச்சல் ஊட்டுகிறது என்கிறார் மூன்றாமவர். பெட்ரோல் மிச்சம், இரைச்சல் இல்லை என்று மெச்சுபவர்களும் உண்டு.

இந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கார்களுக்குச் சாதாரண பாட்டரி உதவாது. அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் பலமான பாட்டரியும் செல்ப்பும் வைக்கிறார்கள். பாட்டரி இறங்கியிருந்தால் எஞ்சின் நிற்காதபடியும் ஏற்பாடு உண்டு. வேண்டாதவர்கள் அணைத்துவைக்கப் பல கார்களில் ஒரு பொத்தான் இருக்கிறது.

இந்த விவாதம் காருக்கு மட்டும் உரியதல்ல. சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். எஞ்சினை நிறுத்த டிரைவருக்கும் ஆசைதான். ஆனால் பாட்டரி பழையது. நிறுத்தினால் மறுபடி எடுக்குமோ என்ற பயம். பிரேக்குக்கு வேண்டிய காற்று இறங்கிவிட்டால் அது ஏறும் வரை வண்டியை நகர்த்த முடியாது. அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டால் இடம் போய்விடும். ஆகவே டீசல் வீணாக எரிகிறது.

நல்ல பாட்டரியும் நல்ல செல்ப்பும் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். கிளப்புவது உறுதி என்றால்தான் நிறுத்த மனம் வரும்!

மனிதன் கை ஒடியாமல் இருக்க ஒருவர் அன்று பாடுபட்டார். பிள்ளைகளின் மூச்சு கெடாமல் இருக்க அவர் தந்த செல்ப் இன்று உதவக்கூடும். அவரால் வந்த ஈயப் புகையை மறக்க வேண்டியதில்லை. சாவியைத் திருகும்போது, கண் மங்கிய அந்த விவசாயி மகனை நன்றியோடு நினைப்பதிலும் தவறில்லை.