கணித மேதை ரீமான்

1826-ஆம் ஆண்டு ஜெர்மானிய நாட்டு ஹானோவர் அரசில் எளிய பாதிரியாரின் மைந்தராய்ப் பிறந்தவர் பெர்னார்ட் ரீமான். சமயக் கல்வி பயிலச் சென்றவர், தந்தையின் இசைவுடன் கணிதத்தை மேற்கொண்டார்.

1860-இல் வெளியான கட்டுரையில் காற்றிலோடும் பேரலைகளை ஆராய்ந்தார். அலையில் அழுத்தம் மிக்க பகுதி விரைந்தோடி, முன்செல்வதை எட்டிப்பிடிக்கும்; சரிவு செங்குத்துச் சுவராகும். அதுவே அதிர்ச்சியலை. அச்சுவரைக் கடக்கையில் நிறையும் உந்தமும் அழியாமையைச் சரியாகக் கணித்தவர், ஆற்றல் கணக்கில் தவறினார். 1870-இல் ராங்கினும் 1887-இல் ஹியூகோனியோவும் அதனைத் திருத்தினர்.

ஆயினும், வெவ்வேறு அழுத்தமுடைய இரு காற்றுப் பகுதிகள் இடைத்தடை நீங்கியதும் என்னாகும் என்னும் வினா இன்றும் ரீமான் கணக்கு என்றே வழங்குகிறது.

1866-இல் காசநோயால் இத்தாலியில் மறைந்தபோது அவருக்கு வயது 39. பிழை நேரினும் வழி கண்டவர் பெயர் நிலைக்கும்; நம் சிறுவர் கணக்குக்கு அஞ்ச வேண்டா.