நுண்ணோக்கி எழுப்பிய வினா

ஒரு பொருளைக் காண ஒளி வேண்டும். மலையின்மீது ஒளி படுவதால் மலை அசைவதில்லை. எலக்ட்ரானின்மீது ஒளி பட்டால் என்ன நிகழும்? இவ்வினாவை ஆராய்ந்து இயற்பியலின் போக்கையே மாற்றியவர் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஹெய்சன்பர்க்.

இவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் சாமர்ஃபெல்டிடம் பயின்றார். கணிதத்தில் சிறந்து விளங்கிய இவருக்குச் செய்முறைப் பயிற்சியில் நாட்டமில்லை. 1923இல் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், நுண்ணோக்கியின் பிரிதிறன் குறித்துப் பேராசிரியர் வீன் வினவினார். ஹெய்சன்பர்க்கால் விடை கூற இயலவில்லை. மிகக் குறைந்த தரத்திலேயே தேர்ச்சி கிட்டியது. மனம் குன்றிய அவர் அன்றிரவே இரயிலேறிக் கோட்டிங்கன் சென்று, மாக்ஸ் பார்னிடம் பணியைத் தொடர்ந்தார்.

1925இல் மகரந்த ஒவ்வாமையால் வருந்திய ஹெய்சன்பர்க், ஹெல்கோலாந்து தீவில் தங்கினார். அங்கு ஓர் இரவு, தாம் வகுத்த புதிய கணக்கீட்டில் ஆற்றல் அழிவின்மை விதி பொருந்திவருவதைக் கண்டார். குவாண்டம் இயக்கவியல் அன்று பிறந்தது.

1927இல் கோபன்ஹேகனில் இருந்தபோது, காமாக் கதிர் நுண்ணோக்கி ஒன்றைத் தம் கற்பனையில் அமைத்தார். எலக்ட்ரானின் இடத்தைத் துல்லியமாக அறியக் குறைந்த அலைநீளமுள்ள கதிர் தேவை. அலைநீளம் குறையக் குறையக் கதிரின் ஆற்றல் பெருகும். அக்கதிர் மோதும்போது ஆற்றலின் ஒரு பகுதியைப் பெற்று, எலக்ட்ரான் அணுவைவிட்டே வெளியேறிவிடும். எனவே, அளத்தல் என்னும் செயலே அளக்கப்படும் பொருளின் ஆற்றலை மாற்றுகிறது. இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய இயலாது என்னும் நிச்சயமற்ற தன்மைக் கோட்பாட்டை அவர் வெளியிட்டார்.

அவ்விளக்கத்தில் நுண்ணோக்கியின் பிரிதிறனை அவர் கருதத் தவறியதை நீல்ஸ் போர் சுட்டிக்காட்டினார். தேர்வில் தடுமாறிய அதே இடம்! கடுமையாக வாதிட்ட ஹெய்சன்பர்க், முடிவில் பிழையை உணர்ந்து, போரின் திருத்தத்தைத் தம் கட்டுரையின் இறுதியில் சேர்த்தார். கோட்பாடு நிலைபெற்றது. துல்லியத்திற்கு எல்லை வகுப்பது கருவியின் குறையன்று, இயற்கையின் இயல்பே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

1932ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஹெய்சன்பர்க், 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மறைந்தார். விடை தெரியாத ஒரு வினா அவரைத் தலைகுனிய வைத்தது. அதே வினாவுக்குப் பணிந்து விடை தேடியபோது அவருடைய கோட்பாடு செம்மை பெற்றது.