கவிஞருக்குக் கதவடைத்த கவியுள்ளம்

கி.மு. 427-ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரின் உயர்குடியில் பிறந்தவர் பிளேட்டோ. இளமையில் துன்பியல் நாடகங்கள் இயற்றினார் என்றும், சாக்ரடீசின் உரை கேட்டபின் அவற்றைத் தீயிலிட்டார் என்றும் ஒரு பழங்கதை வழங்குகிறது. அதன் உண்மை எவ்வாறாயினும், கவிதையோடு அவருக்கிருந்த பிணக்கு இறுதிவரை தீரவில்லை.

அப்பிணக்கிற்குக் காரணம் உண்டு. கி.மு. 404-இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. அடுத்து வந்த முப்பதின்மர் ஆட்சியில் அவருடைய தாய்வழி உறவினர் கிரிட்டியாசும் இருந்தார், அது கொடுங்கோன்மையாயிற்று. அதன்பின் மீண்ட மக்களாட்சியோ கி.மு. 399-இல் சாக்ரடீசுக்கு நஞ்சளித்தது. கி.மு. 423-இல் அரிஸ்டோபனிஸ் தம் ‘மேகங்கள்’ நாடகத்தில் சாக்ரடீசை எள்ளியிருந்தார். அவ்வெள்ளல் ஊரார் நெஞ்சில் விதைத்த தப்பெண்ணத்தைச் சாக்ரடீசின் வழக்குரையிலேயே பதிவு செய்தார் பிளேட்டோ. குற்றஞ்சாட்டிய மூவருள் மெலெட்டஸ் கவிஞர் சார்பில் வந்தவர் என்பதையும் அவர் மறவாது எழுதினார். சொல்லின் வன்மை ஓர் உயிரையும் கொள்ளும் என்பதைக் கண்டவர் அவர்.

கி.மு. 387-ஆம் ஆண்டளவில் நகர்ப்புறச் சோலையொன்றில் அகாதமியை நிறுவினார். அவருடைய ‘குடியரசு’ மனித உள்ளத்தையும் நாட்டையும் ஒன்றற்கொன்று கண்ணாடியாக்கியது. உள்ளத்தில் அறிவு, வீறு, விழைவு என மூன்று கூறுகள். நாட்டில் ஆள்வோர், காப்போர், உழைப்போர் என மூன்று பிரிவினர். ஒவ்வொன்றும் தன் கடனை ஆற்றி, அறிவின் ஆட்சிக்கு இசைந்து நிற்பதே நீதி என்றார்.

அந்நாட்டில்தான் கவிஞருக்கு இடமில்லை. தச்சன் செய்த கட்டில் மெய்ம்மையின் சாயல். ஓவியன் தீட்டிய கட்டிலோ சாயலின் சாயல். கவிதையும் அத்தகையதே என்றும், அது அறிவை விடுத்து உணர்ச்சிக்கு நீர் பாய்ச்சுவது என்றும் வாதிட்டார். இறை வாழ்த்தும் நல்லோர் புகழும் மட்டுமே அவர் ஏற்ற பாடல்கள். ஆயினும் குகையில் பிணிக்கப்பட்டு நிழல்களையே மெய்யெனக் கொண்ட மாந்தரைப் புனைந்தவரும் அவரே. உவமையின்றி அவராலும் உண்மையை உரைக்க இயலவில்லை.

சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகருக்கு மும்முறை சென்றார். அந்நகரின் இளைய மன்னன் இரண்டாம் டயோனிசியசை அறிவின் ஆட்சிக்கு ஆயத்தஞ்செய்ய முயன்று தோற்றார். முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில், மன்னனின் ஞானத்தினும் எழுதிய சட்டத்தையே மிகுதியும் நம்பினார்.

கதவை அடைத்தவர் தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. கவிதை இன்பந்தருவதோடு மாந்தர்க்குப் பயனும் தருவது என்று அதன் அன்பர் உரைநடையிலேனும் வழக்காடி நிறுவினால், மகிழ்ந்து வரவேற்பதாகக் ‘குடியரசு’ நூலிலேயே இசைந்தார். அகாதமியில் இருபதாண்டுகள் பயின்ற அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ வழியே அவ்வழக்கை எடுத்துரைத்தார். போலச்செய்தல் மனிதனின் இயல்பு, அதன்வழியே அவன் கற்கிறான் என்றார்.

கி.மு. 347-இல், எண்பது வயதளவில், பிளேட்டோ மறைந்தார். தன் பாட்டு கேட்போர் உள்ளத்தில் எதை வளர்க்கிறது என்னும் அவருடைய வினா மறையவில்லை. எழுதுகோல் எடுக்கும் ஒவ்வொரு கவிஞனும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன்.