செவிலித் தொழிலில் வழி கண்ட மேரி மகோனி அம்மையார்

வெள்ளிவிழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு கழகத்தார் பணித்தபோது, நம் நாட்டுப் பெரியோர் ஒருவரைப் பற்றியே எழுத எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவள் நம்மிடம் பயின்ற பழைய மாணவி ஒருத்தி. அறுவைச் சிகிச்சை அரங்கில் ஆறாண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்தவள். ஊர்விட்டு ஊர் சென்று ஒப்பந்த முறையில் சில மாதங்கள் ஓரிடத்திலும் சில மாதங்கள் வேறோரிடத்திலும் பணியாற்றும் வாய்ப்பு வந்திருப்பதாகவும், போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் சொல்லி நம் இல்லம் தேடி வந்தாள். சம்பளம் கூடுதல் என்பது ஒன்றே அப்போது அவள் கையிலிருந்த கணக்கு. நாம் ஆசிரியத் தொழிலை அறிவோமேயன்றி மருத்துவமனைத் தொழிலை அறியோம். ஆயினும் இதே வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஓர் அம்மையாரைப் பற்றிப் படித்திருந்தோம். அவளுக்குச் சொன்ன அவ்வரலாற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

அமெரிக்க நாட்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாஸ்டன் நகரை அடுத்த டார்செஸ்டரில், 1845ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் மேரி எலைசா மகோனி பிறந்தார். பெற்றோர் வட கரோலினாவில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்று வடக்கே வந்தவர்கள். அந்நாட்டில் அடிமைமுறை முற்றிலும் ஒழிய இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. 1855ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டைச் சட்டத்தால் விலக்கியது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அவ்வாண்டே கதவு திறந்த பிலிப்ஸ் பள்ளியில் மேரியும் பயின்றார். சட்டம் ஓராண்டு தாமதித்தாலும் ஒரு குழந்தைக்கு எத்துணை இழப்பு என்பதை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை ஆண்டுதோறும் கையாளும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

செவிலியாதல் வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இளமையிலேயே உண்டாயிற்று. பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை என்றொரு நிறுவனம் இருந்தது. டாக்டர் மேரி சக்ரெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர் 1862இல் தோற்றுவித்தது அது. மருத்துவர்களும் பெண்களே. அங்கே மகோனி பணியிற் சேர்ந்தார். செவிலியாக அன்று, சமையற்காரியாகவும் துணி வெளுப்பவராகவும் துப்புரவுப் பணியாளராகவும். இடையிடையே செவிலியர்க்கு எடுபிடியாகவும் இருந்தார். இவ்வாறு கழிந்தவை 15 ஆண்டுகள்.

இப்பதினைந்து ஆண்டுகளைப் பொறுமைக்கு இலக்கணம் என்று போற்றி எழுதுவோர் உண்டு. நாம் அவ்வாறு எழுத மாட்டோம். 1872ஆம் ஆண்டிலேயே அம்மருத்துவமனை முறையான செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. அதே கட்டடத்தில் துடைப்பம் ஏந்தி நின்ற மகோனிக்கு அவ்வகுப்பறைக்குள் மாணவியாக நுழைய மேலும் ஆறாண்டுகள் ஆயின. அது அவர் குற்றமன்று. அவருடைய பெருமை காத்திருந்ததில் இல்லை. காத்திருந்த காலத்தில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்ததில் இருக்கிறது.

1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் 33ஆம் அகவை நெருங்குகையில், அவர் பயிற்சியில் சேர்க்கப்பெற்றார். பயிற்சிக் காலம் 16 மாதங்கள். விடியற்காலை ஐந்தரை மணி முதல் இரவு ஒன்பதரை மணி வரை பணி. மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, மகப்பேற்றுப் பிரிவு என முறைவைத்து ஒவ்வொன்றிலும் பழக வேண்டும். மருத்துவர்தம் விரிவுரைகளையும் கேட்க வேண்டும். இறுதி மாதங்களில் வெளியே குடும்பங்களுக்குச் சென்று நோயாளரைப் பேண வேண்டும். அவ்வகுப்பில் சேர்ந்தவர் நாற்பது பேர் அளவினர். முடித்தவரோ ஒரு கை விரல்களுள் அடங்குவர். உருவத்தால் மிகச் சிறிய மகோனி அவருள் ஒருவர். 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சான்றிதழ் பெற்று, அமெரிக்காவில் முறைப்படி பயின்ற முதல் கறுப்பினச் செவிலி என்னும் பெயரும் பெற்றார்.

சான்றிதழ் கைக்கு வந்தபின் எங்கே பணிபுரிவது? இவ்விடத்தில் அக்கால நிலையைச் சற்று விளக்குதல் வேண்டும். மருத்துவமனைகள் தம் நோயாளர் பணியைப் பெரும்பாலும் பயிற்சி மாணவியரைக் கொண்டே நடத்திக்கொண்டன. பயின்று முடித்தவர்க்கு அங்கே இடங்கள் மிகச் சில. அச்சிலவும் கறுப்பினத்தார்க்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. ஆதலால் அழைத்த குடும்பங்களுக்குச் சென்று தங்கி, நோயாளி தேறும்வரை இருந்து, பின் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் தனிச் செவிலிப் பணியே எஞ்சியது. வசதி படைத்தோர் பலர் அறுவைச் சிகிச்சையையும் அக்காலத்தில் வீட்டிலேயே செய்துகொண்டனர். சமையலறை மேசையே அறுவை மேசையாகும். அறையைத் தூய்மை செய்வதும், துணிகளையும் கருவிகளையும் கொதிநீரிலிட்டு ஒழுங்கு செய்வதும் செவிலியின் பொறுப்பாகும்.

மகோனி பாஸ்டன் நகரச் செவிலியர் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்டு இப்பணியில் இறங்கினார். ஒரு வீட்டார் நிறைவுற்றால் தம் உறவினர்க்கும் சொல்வர். அவ்வாறே நற்பெயர் பரவி, நியூ ஜெர்சி போன்ற தொலைவிடங்களிலிருந்தும் அவரை அழைக்கலாயினர். இப்பணியில் வருவாய் தொடர்ச்சியாக வாராது. இரு அழைப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களின் செலவைச் செவிலியே தாங்க வேண்டும். தாம் நோயுற்றால் பார்ப்பாரில்லை. முதுமைக்கு ஓய்வூதியமும் இல்லை. இவையனைத்தும் நம் மாணவி நம்மிடம் காட்டிய ஒப்பந்தத் தாளிலும் வேறு சொற்களில் இருக்கக் கண்டோம்.

மகோனியைப் பற்றிய ஒரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பணிக்குச் சென்ற வீடுகளில் அவர் வேலையாட்களோடு அமர்ந்து உண்ண மறுத்து, சமையலறையில் தனித்தே உண்பாராம். பந்தி வேற்றுமையின் கொடுமையை அறிந்த நமக்கு முதலில் இச்செய்தி கசந்தது உண்மை. ஆனால் அவ்வம்மையார் 15 ஆண்டுகள் தாமே சமைத்தவர், தாமே துணி வெளுத்தவர். அவ்வேலைகளை அவர் இழிவாக எண்ணியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. தனிச் செவிலியரை வீட்டு வேலைக்காரியராகவே நடத்துவது அன்றைய வழக்கம். கறுப்பினப் பெண் எனின் கேட்கவே வேண்டா. ஒருநாள் பாத்திரம் துலக்கினால் மறுநாள் அதுவே கடமையாகிவிடும். தாம் வந்தது எப்பணிக்கு, எப்பணிக்கு அன்று என்பதை, வாய் திறந்து வாதாடாமல், உண்ணும் இடத்தால் அவர் உணர்த்தினார் என்றே நாம் கொள்கிறோம்.

இதைச் சொன்னபோதுதான் மாணவி நிமிர்ந்து அமர்ந்தாள். அறுவை அரங்குப் பணி என்று அழைத்துச் சென்று வேறு பிரிவில் நிறுத்தினால் என் செய்வது, ஆறாண்டுப் பழக்கம் கைவிட்டுப் போகாதா என்று அவளே கேட்டாள். ஒப்பந்தத்தில் பிரிவின் பெயர் எழுதப்பட்டுள்ளதா, இரு பணிகளுக்கு இடையே தங்குமிடமும் ஊதியமும் உண்டா, இடையில் திரும்பினால் செலவு யாருடையது, மூலச் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும் என்று நாலைந்து வினாக்களை இருவரும் சேர்ந்தே எழுதினோம்.

மகோனி தம்மை மட்டும் காத்துக்கொண்டு அமைந்தாரல்லர். 1896இல் உருவான செவிலியர் கூட்டமைப்பில் உறுப்பினரான மிகச் சில கறுப்பினத்தாருள் அவரும் ஒருவர். அவ்வமைப்பு கறுப்பினச் செவிலியரை உளமார வரவேற்கவில்லை. 1908இல் மார்த்தா பிராங்க்ளின் என்னும் செவிலி நாடெங்கும் கடிதம் எழுதித் திரட்டிய ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர் நியூயார்க்கில் கூடி, கறுப்பினச் செவிலியர்க்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். மறு ஆண்டு பாஸ்டனில் நடந்த அதன் முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மகோனி. அப்போது அகவை 64. தாம் பயின்ற மருத்துவமனையே கறுப்பின மாணவியரைக் கூடுதலாகச் சேர்க்க முன்வர வேண்டும் என்பதை அவ்வுரையில் வலியுறுத்தினார். சங்கம் அவரை ஆயுட்கால உறுப்பினராக்கியது. 1911இல் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஹோவர்டு அநாதை இல்லத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று ஓராண்டளவு நடத்தினார்.

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும், எழுபத்தைந்து அகவையில், பாஸ்டனில் முதன்முதலாகப் பெயர் பதிந்துகொண்ட பெண்களுள் ஒருவரானார். 1926ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார். 1936இல் அச்சங்கம் அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியது. 1951இல் அச்சங்கம் பொது அமெரிக்கச் செவிலியர் சங்கத்தோடு இணைந்தது; விருது இன்றும் தொடர்கிறது. எவெரெட் நகரின் வுட்லான் இடுகாட்டில் உள்ள அவர் கல்லறைக்கு, 1973இல் செவிலியர்கள் கூடி நினைவுக்கல் எழுப்பினர்.

மாணவி இரு வாரங்கள் கழித்து மீண்டும் வந்தாள். முகவரிடம் கேட்டறிந்த விடைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொணர்ந்திருந்தாள். இரண்டு வினாக்களுக்கு நேராக இடம் வெற்றாக இருந்தது. அவற்றுக்கு எழுத்தில் விடை வரும்வரை மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கப்போவதில்லை என்றாள்.